ஆட்டம் முடியட்டும், அப்புறம் பொங்கல்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் அது என் தலையில்தான் விடியும். பள்ளிக்கூட அரங்கின் வாடகையைக் குறைக்கச் சொல்லி, நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி கேட்டு, நவராத்திரிக்கு வந்தவர்கள் பக்கத்துக் கடை வாசலை மறித்துக் கார் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, இப்படிப் பலவும் எழுதியாயிற்று. அனுப்பிய கையோடு மறந்தும் போகும். 2022 பிப்ரவரியில் எழுதச் சொன்னது மட்டும் மறக்கவில்லை. ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்துக்குப் புகார்க் கடிதம். "ஞாயித்துக்கெழமை நியூஸை ஃபுட்பால் தின்னுடுச்சு. சும்மா விடக்கூடாது, காட்டமா ஒண்ணு எழுதுங்க தம்பி" என்றார் சங்கத்தின் மூத்தவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். வாட்ஸப் குழுவில் கட்டைவிரல்களாகக் குவிந்தன.

அமெரிக்காவில் இந்தப் புகார் ஒன்றும் புதிதில்லை. இலையுதிர் காலம் வந்தால் ஞாயிறு மாலைச் செய்தி இருக்குமா இராதா என்பது அன்றைய அமெரிக்க ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, கையால் எறிந்து பிடிப்பது) ஆட்டத்தைப் பொறுத்தது. நான்கு இருபத்தைந்துக்குத் தொடங்கும் ஆட்டம் ஏழரை வரை இழுக்கும், ஆறு மணிச் செய்தி காணாமல் போகும். ஏப்ரலில் கோல்ஃப், மார்ச்சில் கல்லூரிக் கூடைப்பந்து. நான் இதையெல்லாம் கண்டுகொண்டதே கிடையாது. செய்தி வேண்டுமென்றால் கைபேசி இருக்கிறது, டிவியில் செய்தி பார்ப்பவர்கள் எழுபது வயதுக்காரர்கள் என்பதுதான் என் எண்ணம். எங்கள் வீட்டுப் பிள்ளை அந்தச் செய்தியில் வரவேண்டியிருந்ததால் அந்த ஒரு ஞாயிறு மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

நாற்பது விநாடி

நாங்கள் இருப்பது ஒஹையோவில், டேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு புறநகர். ஒமிக்ரானுக்குப் பயந்து தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அந்த வருடப் பொங்கல் விழாவை ஜனவரி 29, சனிக்கிழமை வைத்தோம். பள்ளிக்கூடத்துக்குள் தீ மூட்ட அனுமதி இல்லை என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பில் பொங்கல். பானை மண்ணாக இருந்தால் இண்டக்‌ஷன் வேலை செய்யாது, எவர்சில்வர் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினோம். பால் பொங்கியபோது குலவையிட்டவர்களில் பாதிப் பேர் முகக்கவசத்துக்குள்ளிருந்து குலவையிட்டார்கள். அந்தச் சத்தம் வினோதமாக இருந்தது, இருந்தாலும் குலவை குலவைதான்.

எங்கள் சங்கத்துப் பெண் ஒருத்தி தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, வந்துவிட்டார்கள். 'வந்துவிட்டார்கள்' என்ன, வந்தது ஒரே ஒரு பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கலாம். தானே முக்காலியை விரித்து, தானே காமிராவை வைத்து, தானே மைக்கைப் பிடித்து, என் மகளின் சிலம்பத்தையும் பெண்களின் கும்மியையும் எடுத்தாள். பெரியப்பாவிடம் பேட்டி எடுத்தாள். அவர் உழவர், சூரியன், மாடு என்று எட்டு நிமிடம் பேசினார். போகும்போது அந்தப் பெண் சொன்னாள்: நாளை மாலை ஆட்டம் முடிந்ததும் ஆறரை மணி வாக்கில் செய்தி இருக்கிறது, அதில் நாற்பது விநாடி வரும்.

நாற்பது விநாடிக்கு எவ்வளவு ஏற்பாடு! கும்பகோணத்தில் என் மாமியார் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்து உட்கார்ந்திருந்தார். நிலையத்தின் லைவ் ஸ்ட்ரீம் சுட்டியை மைத்துனன் டிவியில் போட்டுக் கொடுத்திருந்தான்.

ஓவர்டைம்

ஜனவரி 30 என்ன நாள் என்று எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி கன்சாஸ் சிட்டியில் ஆடிய அரையிறுதி மாதிரியான ஆட்டம். ஜெயித்தால் சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டம். சின்சினாட்டி எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவு, டேட்டனில் பாதி வீட்டில் ஆரஞ்சு-கறுப்புக் கொடி. அந்த மாதம் பதினைந்தாம் தேதி ரெய்டர்ஸ் அணியை வெல்லும்வரை முப்பத்தொரு வருடங்கள் ஒரு பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) ஆட்டத்தில்கூட ஜெயிக்காத அணி. 21-3 என்று பின்தங்கி, நம்பிக்கை போன பிறகு எழுந்து சமன்செய்து, கூடுதல் நேரமான ஓவர்டைமில் கன்சாஸ் சிட்டியின் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பிடுங்கி, எங்கள் மக்ஃபர்சன் 31 கெஜத்திலிருந்து உதைத்து 27-24 என்று முடித்தபோது மணி ஆறைத் தாண்டிவிட்டது. நானும் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் காத்திருக்க ஆரம்பித்தோம். கோப்பை கொடுத்தார்கள். பயிற்சியாளர் பேசினார். உடைமாற்றும் அறையில் ஆடினார்கள். உள்ளூர் நிருபர்கள் மதுக்கடைகளிலிருந்து நேரலையில் வந்து, இளைஞர்கள் கத்துவதைக் காட்டினார்கள். கும்பகோணத்தில் வேறு கதை. ஆட்டத்தை இணையத்தில் காட்ட நிலையத்துக்கு உரிமை இல்லை, ஆகவே லைவ் ஸ்ட்ரீமில் காலைச் செய்தியே மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளை, மூணு தடவை ஒரே மழைப் படம்தான் காட்டுறாங்க, புள்ளை எப்ப வருவா?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினோரு மணிச் செய்தியில் கட்டாயம் வரும் என்றேன். பதினோரு மணிக்கு அரை மணி நேரமும் பெங்கால்ஸ். நடுவில் மூன்று நிமிடம் வானிலை. அதே கடைசி உதை, மேலிருந்து, பக்கத்திலிருந்து, மெதுவாக, இன்னும் மெதுவாக. மகள் சோபாவிலேயே தூங்கிவிட்டாள்.

யாரிடம் போய்ச் சொல்வது

கடிதம் எழுத உட்கார்ந்ததும் யாருக்கு எழுதுவது என்பதிலேயே சிக்கிக்கொண்டேன். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்து என்று எந்த நிலையத்திடமும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1968 நவம்பர் 17 அன்று என்பிசி தொலைக்காட்சி, நியூயார்க் ஜெட்ஸ் - ஓக்லண்ட் ரெய்டர்ஸ் ஆட்டத்தை ஒரு நிமிடம் சொச்சம் மீதமிருக்கும்போது வெட்டிவிட்டு, சரியாக ஏழு மணிக்கு 'ஹைடி' என்ற குழந்தைகள் படத்துக்குப் போனது. அந்த நேரம் ஒரு கடிகார நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. ஜெட்ஸ் 32-29 என்று முன்னணியில். படம் தொடங்கிய பிறகு ரெய்டர்ஸ் ஒன்பது விநாடி இடைவெளியில் இரண்டு டச்டவுன் போட்டு 43-32 என்று ஜெயித்தார்கள், கிழக்குப் பகுதியில் யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஆட்டத்தைத் தொடரலாம் என்று மேலதிகாரிகள் கடைசி நேரத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் அதைச் சொல்லக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் பேசவே முடியவில்லை. ஆட்டத்தை நிறுத்தாதே என்பவர்களும், படத்தை நேரத்துக்குப் போடு என்பவர்களும் கூப்பிட்டுக் கூப்பிட்டு இணைப்பகமே திணறிவிட்டது. புகார் சொன்னவர்களின் கூட்டமே புகாருக்கான தீர்வைத் தடுத்துவிட்டது.

அதற்கப்புறம் வந்த ஒப்பந்தங்களில், ஆடும் அணியின் ஊரில் ஆட்டத்தை முடியும்வரை காட்டியாக வேண்டும் என்ற விதி ஏறிவிட்டது. 2021இல் கையெழுத்தான ஒளிபரப்பு உரிமங்கள் 2033 வரைக்குமாக ஏறத்தாழ 11,000 கோடி டாலர். இவ்வளவு பணம் போட்டவன் வெட்டுவானா? சட்டத்தைப் புரட்டினால், நாடு முழுவதற்கும் நிகழ்ச்சி தரும் நெட்வொர்க் அனுப்புவதைவிட உள்ளூருக்கு முக்கியமான ஒன்று இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளும் உரிமை நிலையத்துக்கு உண்டு என்று, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்சிசியின் விதியே சொல்கிறது. ஏட்டளவில் உண்டு. நடைமுறையில் புயல் எச்சரிக்கைக்குத்தான் அது பயன்படுகிறது, அதற்கும் திட்டு வாங்குகிறார்கள். 2019 ஏப்ரலில் அட்லாண்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் ஒளிபரப்பின் நடுவே சூறாவளி எச்சரிக்கை சொன்ன வானிலைப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த மாதம் எங்கள் டேட்டனிலேயே நடந்தது. மே 27 இரவு, டிராட்வுட்டிலிருந்து பீவர்கிரீக் வரை வீடுகளைப் பிய்த்துப் போட்ட சூறாவளிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு ரியாலிட்டி ஷோவை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஆட்கள் சமூக வலைத்தளத்தில் திட்ட, வானிலை அறிவிப்பாளர் நேரலையிலேயே வெடித்தார். அந்த இரவு நாங்கள் கீழ்த்தளத்தில் மெத்தையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அவர் சொன்னதைக் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். வேறு யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

சரி, நேரில் போய்ப் பேசலாம் என்றால் அதுவும் வர வர எளிதில்லை. ஒரு நிலையம் தனக்கு உரிமம் தந்த ஊரிலோ பக்கத்திலோ ஸ்டூடியோ வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை எஃப்சிசி 2017 அக்டோபரில் நீக்கிவிட்டது. பல ஊர்களில் ஒளிபரப்புப் பொத்தானை அழுத்துபவர் வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் நிலையம் எப்படியோ ஊரிலேயே இருக்கிறது, ஃபோனை மனிதர்களே எடுக்கிறார்கள். கூப்பிட்டேன்.

அன்றைக்கு வந்த அழைப்புகள்

செய்தி மேசையில் எடுத்தவர் குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியவர். நான் பொங்கல் என்று ஆரம்பித்ததும், "ஆமாம், அந்தக் கம்பு சுற்றும் பெண், நன்றாக இருந்தது, நான் பார்த்தேன்" என்றார். தொகுத்து, குரல் பதிந்து, வரிசையில் போட்டு, எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. ஊரில் அதைப் பார்த்தவர்கள் அவரும் இன்னும் இரண்டு மூன்று பேரும். அந்த நிருபர் பெண்ணுக்கும் வருத்தம்தான் என்றார்.

அன்று மாலை புகார் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம், நிறைய. பெரும்பாலானவை கோப்பை கொடுக்கும்போது திரையின் அடியில் வானிலை வரி ஓடியதற்கு. அந்த வாரம் பனியும் உறைமழையும் வரப்போவதைப் பற்றிய வரி அது. படத்தை மறைக்கிறது, எடு என்று கத்தியிருக்கிறார்கள். இன்னொரு வகை அழைப்புகள் மெதுவாக, கொஞ்சம் தள்ளி வந்தன. எல்லாம் வயதானவர்கள். செய்தி எங்கே என்று கேட்கவில்லை, வானிலை சொல்பவரின் முதல் பெயரைச் சொல்லி, அவர் இன்றைக்கு வரமாட்டாரா என்று கேட்டிருக்கிறார்கள். புதன்கிழமை டயாலிசிஸுக்குப் போக வேண்டும், ரோடு எப்படி இருக்கும் என்று ஒரு அம்மா. இவரே கணினியைப் பார்த்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். "இன்றைக்கு வரை சமூக நிகழ்ச்சி பற்றிக் கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார், குத்தலாக இல்லை.

ஆட்டத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, பதினோரு மணி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த அரை மணி உங்கள் கையில்தானே இருந்தது? ஒப்பந்தம் கிடையாது, நெட்வொர்க் கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அன்று ராத்திரி வேறு எதையாவது பார்க்க யாராவது வந்திருப்பார்களா?"

இந்த பதில்தான் என்னை விடவில்லை. கடிதத்தில் நான் எழுதி வைத்திருந்த காட்டமெல்லாம் ஆட்டத்தின் மேல் இருந்தது, அந்த ஒரு வாக்கியத்தில் அது இடம் மாறிவிட்டது. ஆட்டம் செய்தியைத் தள்ளிப்போடுவது ஒரு நேரப் பிரச்சினை. மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், அப்புறம் முடிந்துவிடும். வானிலையைத் துணைச் சேனலில் போடலாம், திரையின் ஓரத்தில் ஓட்டலாம், வழி இருக்கிறது. ஆனால் முடிந்த ஆட்டம் எழுந்து வந்து செய்தியின் நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டால் அதற்கு ஒப்பந்தத்தைக் காரணம் சொல்ல முடியாது. யாரும் கட்டாயப்படுத்தாமல், எல்லோரும் ஏற்கெனவே பார்த்த உதையை, எல்லோருக்கும் மறுபடி காட்டினார்கள். அன்று சாயங்காலம் அந்த நிலையத்தின் முன்னால் இருந்த கூட்டம் வருடத்தில் வேறெந்த நாளும் அவர்களுக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு அதன் ஊரைக் கொஞ்சம் காட்டியிருக்கலாம். நாற்பது விநாடி எங்களுக்கு வேண்டாம், அந்த டயாலிசிஸ் அம்மாவுக்கு இன்னும் நாற்பது விநாடி கொடுத்திருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

"இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன், கிளிப்பை வாங்கி யூட்யூபில் போட்டா போச்சு" என்றான் சங்கத்தில் ஒரு தம்பி. நியாயமான கேள்விதான். எங்கள் விழாவின் முழு வீடியோவும் விழா நடந்த அன்றே யூட்யூபில் ஏறிவிட்டது. பார்த்தவர்கள் யார்? நாங்கள், எங்கள் அப்பா அம்மாக்கள், நியூஜெர்சியில் இருக்கும் அத்தை பிள்ளைகள். தேடி வருபவர்களுக்கு அது கிடைக்கும், எங்களைத் தேடத் தெரியாதவர்களுக்குக் கிடைக்காது. பிப்ரவரி மூன்றாம் தேதி அந்தப் பனியும் உறைமழையும் சொன்னபடி வந்தன. அடுத்த நாள் காலை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரவர் வாசலைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். அறுபத்தெட்டு வயது, விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெங்கால்ஸ் தொப்பியோடு. இத்தனை வருடப் பழக்கத்தில் எங்களுக்குள் பேச்சு பனி, புல், குப்பை வண்டி இவற்றைத் தாண்டியதில்லை. ஞாயிறு ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மூன்று மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவர் பதினொன்றரை வரை சேனலை மாற்றவே இல்லை என்றார். போன வாரம் உங்கள் பெண் வாசலில் கம்போடு நடமாடிக்கொண்டிருந்தாளே, அது என்ன, பேஸ்பாலா என்று கேட்டார்.

அவருக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நல்ல மனிதர். ஆனால் நான் வாசலில் நின்று விளக்குவதும், அவர் ஊர்ச் செய்தியில், அவர் நம்பும் ஆள், பள்ளிக்கூடக் கூரை ஒழுகும் செய்திக்கும் நாளைய வானிலைக்கும் நடுவில் அதைச் சொல்வதும் ஒன்றில்லை. ஊர்ச் செய்தியில் வந்தால் நாங்களும் ஊர். ஒஹையோவில் அப்படிச் சொல்ல இருக்கும் இடங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. யங்ஸ்டவுனில் நூற்றைம்பது வருடப் பத்திரிகை ஒன்றை 2019 ஆகஸ்டோடு மூடிவிட்டார்கள். பேப்பர் போன ஊரில் இந்த அரை மணி நேரம்தான் மிச்சம்.

கையெழுத்து

கடிதத்தை மாற்றி எழுதினேன். ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரிய ஆட்ட நாட்களில் வானிலையையும் ஊர்ச் செய்தியையும் துணைச் சேனலில் அதே நேரத்துக்குப் போடுங்கள், பதினோரு மணியில் பாதியையாவது ஆட்டத்துக்கு வெளியே வையுங்கள் என்று கேட்டிருந்தேன். பெரியப்பா படித்துப் பார்த்து, "காட்டமே இல்லையே தம்பி" என்றார். கையெழுத்து வாங்கப் போனால் இன்னொரு கூத்து. பெங்கால்ஸ் சூப்பர் பௌலுக்குப் போகும் வாரத்தில் இப்படி ஒரு கடிதத்தில் என் பெயர் வேண்டாம், ஆபீஸில் கேலி செய்வார்கள் என்று பாதிப் பேர் நழுவினார்கள். கட்டைவிரல் காட்டியவர்களும் அதில் உண்டு. கடைசியில் சங்கத்தின் பெயரில் மட்டும் போயிற்று.

பதில் வந்தது, மரியாதையாக. துணைச் சேனலில் வேறு ஒரு நெட்வொர்க்கின் பழைய தொடர்கள் ஓடுவதாகவும், அதற்கும் ஒப்பந்தம் இருப்பதாகவும் விளக்கியிருந்தார்கள். பதினோரு மணி பற்றிப் பேச்சே இல்லை. பொங்கல் காட்சியை இணையதளத்தில் ஏற்றிவிட்டார்கள். என் மகள் சிலம்பம் சுற்றுவதற்குக் கீழே 'இந்திய நடனம்' என்று போட்டிருந்தது. மாமியார் அதைக் கும்பகோணம் முழுக்க அனுப்பினார். சூப்பர் பௌலில் பெங்கால்ஸ் 23-20 என்று தோற்றார்கள், அன்றைய பதினோரு மணிச் செய்தியிலும் அதுதான்.

இப்போதெல்லாம் விழாத் தேதி குறிக்கும் கூட்டத்துக்குப் பஞ்சாங்கத்தோடு ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் அட்டவணையும் வந்துவிடுகிறது. பிளேஆஃப் தொடங்குவதே ஜனவரி நடுவில். 2021இலிருந்து ஒரு ஆட்டத்தைக் கூட்டியதில் சூப்பர் பௌல் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறுக்குப் போய்விட்டது. ஆட்டமே இல்லாத வாரக்கடைசி வேண்டுமென்றால் பிப்ரவரி பதினைந்துக்கு மேல்தான் என்று அந்த யூட்யூப் தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாசி மாசத்துல பொங்கலா? போடா" என்றார். தை மூன்றாவது சனிக்கிழமைக்கே அரங்கத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம்.